உயிரைக் காத்தவர்களுக்கும், பிறகு காவல் இருந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் மூத்தவள் 2012-இல் பிறந்தாள். சிசேரியன். வீட்டுக்கு வந்த சில நாட்களில் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. நம் பக்கத்தில் ஒற்றைக்கால் வீங்கினால் முதலில் வருவது யானைக்கால் பயம். அது இல்லையென்றால், "பச்சை உடம்பு, நீர் இறங்கியிருக்கும்" என்ற சமாதானம். ரத்தம் கட்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூச்சு இரைத்து நெஞ்சு குத்தியபோது காட்டிய இடத்தில் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கிராம செவிலியர் அக்கா, நீங்கள் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தீர்கள். நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் திணறுவதைக் கவனித்து, இரண்டு கெண்டைக்காலையும் இஞ்சு டேப் வைத்து அளந்தீர்கள். நின்ற இடத்திலேயே 108-க்குப் போன் போட்டீர்கள். அந்த டேப் இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காதவர்கள் டெல்டாவில் குறைவு. அன்றும் மூடியிருந்தது. லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் இறங்கி வண்டிகளை ஒதுக்கி, கேட் திறந்ததும் எங்களைத்தான் முதலில் விட்டார்கள். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து வீசி எதிர் வண்டிகளை நிறுத்தினார். யாரென்று இன்றுவரை தெரியாது. ஐயா, நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். சாலியமங்கலம் தாண்டும்வரை ஆக்சிஜன் முகமூடியைக் கையால் பிடித்தபடியே வந்த 108 தம்பிக்கும் நன்றி.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் பிய்ந்து, இதயம் வழியாக நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைத்திருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றினார்கள். பிறகு அதே வேலைக்கு வார்ஃபரின் மாத்திரை. பாலில் மாத்திரை இறங்கிவிடும், பிள்ளைக்குக் கொடுக்காதே என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னபோது, இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, இந்த மருந்து பாலில் வருவதே அரிது, தாராளமாகக் கொடு என்று என் அம்மாவுக்குப் புரிய வைத்தார். அன்று அவர் ஒதுக்கிய கால்மணி நேரத்தை என் மகள் சார்பில் வணங்குகிறேன்.

உயிர் பிழைத்தது அந்த வாரம். உயிரோடு இருப்பது அதற்குப் பிந்தைய இத்தனை வருஷம். இதற்குத்தான் பேர் தெரியாத ஆட்கள் அதிகம். மாத்திரை சாப்பிடும்போது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி கட்டும், ஏறினால் ரத்தம் கசியும். லேப் தம்பி, ரிசல்ட் ஏறிய அன்று இருட்டிய பிறகு வீடு தேடி வந்து சொன்னாய். மெடிக்கல் அண்ணன், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை கேட்டவளிடம், "உனக்கு இது கூடாதும்மா, டாக்டரைக் கேள்" என்று வியாபாரத்தை விட்டுக் கொடுத்தீர்கள். வார்ஃபரின் நிறுத்திய பிறகும், "மாலா கருத்தடை மாத்திரை உனக்கு வேண்டாம், அதிலுள்ள ஹார்மோன் ரத்தத்தைக் கட்ட வைக்கும்" என்று காப்பர்-டி பக்கம் திருப்பியவர் அதே செவிலியர் அக்காதான்.

மறுபடி கர்ப்பமானபோது ஊரே பயந்தது. வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பதால் தினமும் வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம். நானே போட்டுக்கொள்ளக் கை நடுங்கியது. என் மாமியார் கற்றுக்கொண்டார். வயலில் நாற்றுப் பறித்துக் காய்த்துப்போன விரல்களால் தொப்புளுக்குத் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, பத்து எண்ணி எடுப்பார். முன்பு நான் மாத்திரையில் இருந்தபோது முருங்கைக்கீரையை ஒரே கிண்ணத்தில் அளந்து போட்டதும் அவர்தான்; கீரை கூடிக் குறைந்தால் மாத்திரையின் வேலையும் மாறும் என்பதால், நிறுத்தவும் கூடாது, ஒருநாள் அள்ளிக் கொட்டவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ காத்திருக்காதீர்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். டாக்டர் அனுமதித்தவுடன் எழுந்து நடங்கள்.

இடது கால் இன்னமும் சாயங்காலமானால் கனக்கிறது, இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறேன். எனக்கு ஊசி போட்ட அதே பாட்டிதான் 2016-இல் பிறந்த என் மகனுக்குக் களத்தில் சைக்கிள் பழக்கினார்.

எங்கள் குடும்பத்தின் நன்றியுடன்,
நீடாமங்கலம் பக்கத்து ஓர் அம்மா