பாஸான வண்டிதானே என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரம் அது, சொட்டு மருந்து விடுவதும் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வதுமாகவே பொழுது போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். படுத்தபடியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிகிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நித்யாவுக்கு வேலை கிடைத்ததை வாசித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம் ஆன சின்ன கார், குறைவாகத்தான் ஓடியிருக்கிறது, போன மாதம்தான் தகுதிச் சோதனையில் குறை எதுவும் இல்லாமல் பாஸ் ஆகியிருக்கிறது, நித்யா தினமும் ஓட்டிப் போக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சான்றிதழை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதே. கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிடு.

என் வண்டிக்கு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நான் வாங்கியபோது அதற்கு எட்டு வயது. சோதனை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அறிக்கையில் ஒரு குறிப்புகூட இல்லை. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. தினமும் நான் ஒருவனே ஓட்டியதால் கால் அதற்குப் பழகிப்போய், வித்தியாசமே எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் என் மனைவி ஓட்டினாள். தெருமுனை தாண்டியதுமே நிறுத்திவிட்டு, பெடல் ஏன் இவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்டாள். மெக்கானிக் பின்சக்கரத்தின் டிரம்மை, அதாவது பிரேக்கை மூடியிருக்கும் வட்டமான இரும்புக் கூட்டை, கழற்றிக் காட்டினார். உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ முழுக்கப் பிரேக் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. பின்சீட்டில் அப்போது குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள், சுந்தரம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்று ராத்திரி, வண்டியோடு கொடுத்திருந்த பழைய காகிதங்களை எல்லாம் எடுத்துவைத்துப் படித்தேன். முந்தைய இரண்டு வருட அறிக்கைகளிலும் ஒரே வரி இருந்தது: பின் பிரேக் இருபக்கமும் சமமாக இல்லை, வரம்புக்குள் இருக்கிறது. மூன்றாவது வருடம், அதாவது நான் பார்த்து வாங்கிய அறிக்கையில், அந்த வரி இல்லை. வேறு நிலையம், வேறு ஆள். நடுவில் யாரும் டிரம்மைப் பிரித்துச் சரிசெய்ததற்கு ரசீது எதுவும் இல்லை. இரண்டு வருடமாக வண்டி சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது, நான் கடைசிக் காகிதத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதனால் நீ முதலில் கேட்க வேண்டியது பழைய அறிக்கைகளைத்தான், கிடைக்கிற எல்லா வருடத்துக்கும். பாஸா ஃபெயிலா என்பதை விட, கூடவே எழுதியிருக்கும் குறிப்புகளைப் படி. ஒரே குறை வருடா வருடம் திரும்ப வருகிறதென்றால், அந்த வண்டியை வைத்திருந்தவர் பாஸ் ஆகிற அளவுக்கு மட்டுமே செலவு செய்திருக்கிறார். ஒரு வருடம் ஃபெயில் ஆகி, அதே வாரம் சரிசெய்து பாஸ் ஆகி, அதற்கு ரசீதும் இருந்தால் எனக்கு அந்த வண்டி மேல்தான் நம்பிக்கை வரும். அறிக்கைகளில் இருக்கும் கிலோமீட்டரையும் வரிசையாக எழுதிப் பார். நடுவில் எங்காவது எண் குறைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அதோடு விட்டுவிடு.

சோதனை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கை எதுவரை போகலாம் என்பதற்கே எல்லை உண்டு. பொதுவாக எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது, அதனால் டிரம்முக்குள் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. உருளை மேல் சக்கரத்தை ஓட்டி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று இயந்திரத்தில் அளப்பார்கள், அது நம்பகமான சோதனைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில், ஒரே ஆக்சிலில், அதாவது ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களில், ஒரு சக்கரத்தின் பிடி மறுபக்கத்தின் பிடியில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி. அப்படியென்றால் 72 வந்தால் பாஸ்! அடுத்த மாதம் அது 65 ஆனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புஷ் என்கிற ரப்பர் வளையம், பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு, துரு போன்றவற்றில் பெரும்பாலும் கண்ணும் கைக்கம்பியும் வைத்துத்தான் முடிவு. ஒருவர் தேய்மானம் என்று எழுதுவதை இன்னொருவர் பரவாயில்லை என்று விட்டுவிடுவார், இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம்.

சோதனை தொடவே தொடாத பகுதியும் இருக்கிறது. பெரிய செலவு வைப்பவை பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. கிளட்ச், கியர்பாக்ஸ், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட், என்ஜினின் உள் தேய்மானம் எல்லாம் வழக்கமான தகுதிச் சோதனையில் சேராது. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினா, செயின் உள்ள என்ஜினா என்று கேள். பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது வேண்டும், வாய்வார்த்தை போதாது. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை, வருடக் கணக்கும் உண்டு, ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும். ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளைந்துவிடும், அதோடு என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். செயின் என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும். சில வினாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினோ அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம், ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் இது அதிகம். கிளட்ச் பார்ப்பது சுலபம். காலி ரோட்டில் மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்து. என்ஜின் இரைச்சல் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

குறைவாக ஓடியிருக்கிறது என்று நீ எழுதியிருந்ததைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். சின்ன கார்கள் பல, வாழ்நாள் முழுக்கப் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே போய் வந்தவை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுச்சூடு ஏறாது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும், சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழும். பேட்டரி இழந்த சார்ஜைத் திரும்பப் பெற நேரம் கிடைக்காது. நாள்கணக்கில் நிற்பதால் டிரம்முக்குள் துரு சேர்ந்து பின் பிரேக் இறுகும், கைபிரேக் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார், இளமஞ்சள் நுரை படிந்திருந்தால் இந்தக் குட்டி ஓட்டங்கள் காரணமாக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் கசியாமல் அடைக்கும் தகடு, போனதாலும் இருக்கலாம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அளவு குறைந்துகொண்டே போகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். ஒன்பது வருடத்தில் கொஞ்சமாக ஓடிய வண்டியை விட, நெடுஞ்சாலையில் நிறைய ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன்.

டயரும் அப்படித்தான். பட்டன் ஆழம், அதாவது டயர் மேல் இருக்கும் பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது பல நாடுகளில் சட்டம், பள்ளத்தின் அடியில் இருக்கும் சின்ன மேடு வரை தேய்ந்துவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். குறைவாக ஓடிய வண்டியில் பட்டன் புதுசு போலவே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. வயதோடு வெடிப்பும் தெரிந்தால் நான்கு டயர் விலையையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். முன் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ தளர்ந்திருக்கிறது.

பிரேக் ஆயிலையும் சொல்ல வேண்டும், யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரநிலை கேட்பது 155 டிகிரிதான். சோதனை நிலையத்தில் பிரேக் அவ்வளவு சூடாவதில்லை, அதனால் பாஸ் ஆகிவிடும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் நிறைய. வாங்கினால் முதல் வாரமே மாற்றிவிடு.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டைப் போடாதே, பேச்சையும் குறைத்துக்கொள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது டக் டக் என்று கேட்டால் முன் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், தூசி புகுந்திருக்கும். வேகத்தோடு கூடும் ஹூம் என்ற முனகல் வீல் பேரிங்காக இருக்கலாம். இடது பக்கம் திரும்பும்போது முனகல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படு, எடை அந்தப் பக்கம்தானே சாயும். மேடு பள்ளத்தில் லொட லொட என்றால் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்க், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ், பால் ஜாயின்ட், மூன்றில் ஒன்றாக இருக்கலாம். லிங்க் என்றால் சின்னச் செலவு. முன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றை மட்டும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், துருவால் அங்கே உடைந்து கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கும், வண்டி ஒன்றும் ஆகாதது போல ஓடும், ஆனால் அந்த முனை நகர்ந்தால் டயரைக் குத்திவிடும். அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் நகராதே.

சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடுவதற்கு முன்னால், எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். ஏர்பேக் விளக்கோ என்ஜின் விளக்கோ எரியவே இல்லை என்றால் அதை வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. அழித்தால் வண்டி தன்னைத்தானே சரிபார்க்கும் சோதனைகளும் அழிந்துவிடும், அவை மறுபடி முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தால், பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி வரலாம் என்பதால், சமீபத்தில் பேட்டரியைக் கழற்றினீர்களா என்று கேள், பதிலை விட முகத்தைப் பார்.

நித்யா வேலைக்குச் சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம். வரும் ஞாயிறு காலை நான் வருகிறேன், டார்ச்சும் ஸ்கேனரும் என்னிடம் இருக்கின்றன. விற்பவரிடம் இரண்டு விஷயம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு: பழைய அறிக்கைகள் எல்லாம் எடுத்து வைக்கட்டும், நாம் போகிற வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் நான் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன், குளிர்ந்திருக்க வேண்டும். நித்யாவையும் கூட்டி வா, ஓட்டப் போகிறவள் அவள், பெடல் எப்படி இருக்கிறது என்று அவள் கால் சொல்லட்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே, பதிலில் அதையும் எழுது.

அன்புடன்,
கணேசன்