ஒன்றேகால் அங்குலம்

திருப்பாப்புலியூர்,
கார்த்திகை 14.

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஸ்பீக்கரில் போடுங்கள் என்கிறாள். அதனால் தையல் கடையில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். காலையிலிருந்து மழை. ஒரு ஆள் உள்ளே வரவில்லை. காஜா எடுக்கும் பையனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இதில் ஒரு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. எது என்று படித்தால் உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் என் முட்டி ஆபரேஷன் பேச்சை எடுத்தாய். பாண்டியில் ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருக்கிறேன், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றாய். நான் "பார்க்கலாம்மா" என்று மழுப்பினேன். நீ அதைப் பயம் என்று நினைத்திருப்பாய். பயமும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னிடம் மறைத்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஆபரேஷன் வேண்டாம் என்றால் நீ நம்ப மாட்டாய்.

வலது முட்டி எப்போது கெட்டது என்று கேட்டால் எனக்குத் தானே புயல்தான் ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 30. கடை மேலே போட்டிருந்த தகரம் பறந்ததும், மெஷின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நாலாவது படியில் 'மளுக்'. அன்றைக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. அதனால்தான் தேய்ந்தது என்று டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வயது, உடம்பு எடை, பழைய அடி எல்லாம் சேர்ந்துதான் தேய்மானம் வரும் என்றார். பெடல் மிதித்ததுதான் காரணமா என்றும் கேட்டேன். மிதிப்பதைவிட, குட்டை ஸ்டூலில் முட்டியை மடக்கி மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருவதுதான் வம்பு என்றார். அன்று சாயங்காலமே ஸ்டூல் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். போன மார்கழியில் ஒருவர் வலிக்குப் பொடி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். யார், எங்கே என்பது இப்போது வேண்டாம். ஒரு மாதப் பொடி 600 ரூபாய். பொட்டலத்தில் பெயரும் கிடையாது, என்ன சேர்த்திருக்கிறது என்ற விவரமும் கிடையாது. பட்டன் டப்பாவில் ஒளித்து வைத்து, டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கலந்து குடித்தேன். மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை! தேவனாம்பட்டினம் வரைக்கும் நடந்து போய் சில்வர் பீச்சில் அலையில் கால் நனைத்துவிட்டு வந்தேன். தை மாதம் வீடியோவில் பார்த்துவிட்டு "அப்பா முகம் தெளிவா இருக்கு"என்றாயே, அது தெளிவு இல்லை பாப்பா, வீக்கம்.

மாசியில் முகம் பூசணிக்காய் மாதிரி ஆனது. ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருந்தேன். பங்குனியில் ரத்தம் பார்த்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை 210. டாக்டர் முகத்தைப் பார்த்த உடனே, "ஏதாவது பொடி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதமாக என்று அப்புறம் ஒப்புக்கொண்டேன். ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். அது வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அமுக்கிவிடுமாம். ஆனால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலவீனமாகும். அதைவிடப் பெரிய கூத்து, நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று விட்டால் மயங்கி விழ வேண்டியதுதான். மாத்திரை கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து என்னைக் கரை சேர்த்தார். நான் நாட்டு மருந்தைக் குறை சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் இல்லாத பொட்டலத்தை வாங்கியது என் புத்தி.

சர்க்கரை ஏறியதற்கு பஜ்ஜிதான் காரணம் என்று அம்மா இன்று வரைக்கும் நம்புகிறாள். பஜ்ஜி மேல் அநியாயப் பழி. அப்படியே இருக்கட்டும்.

எக்ஸ்ரேயில் முட்டி எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. தேய்மானம் கிரேடு 2 என்று எழுதிக் கொடுத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது உன் வயதுப் பெண். என்னைப் படுக்க வைத்து, முட்டிச் சில்லுக்கு மேலே ஆறு அங்குலம் அளந்து பேனாவால் கோடு போட்டது. அந்த இடத்தில் தொடையைச் சுற்றி டேப் வைத்தது. டேப்பை இறுக்கிப் பிடித்தது எனக்குப் பொறுக்கவில்லை. "கொடும்மா, நான் அளக்கிறேன்" என்று வாங்கினேன். இடது தொடை பதினெட்டேகால். வலது பதினேழு. மறுபடியும் அளந்தேன். அதேதான்.

ஒன்றேகால் அங்குலம்! முப்பத்தெட்டு வருஷமாக ஊராருக்கு அளவெடுக்கிறேன். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலே கண்டுபிடித்து அதற்கு ஏற்ற மாதிரி வெட்டுகிறவன் நான். என் கால் இளைத்தது எனக்குத் தெரியவில்லை. வலிக்கிறதே என்று வலது காலுக்கு வேலையே கொடுக்காமல் நொண்டி நொண்டி நடந்ததில் தொடைச் சதை கரைந்துவிட்டது. அந்தச் சதைதான் முட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. அது போனால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும், இன்னும் வலிக்கும், இன்னும் நொண்டுவேன். "முட்டியில் எண்ணெய் வற்றிப் போச்சும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது சார், மூட்டை அசைத்தால்தான் உள்ளே இருக்கிற நீர் அதில் ஊறி இறங்கும், அதுதான் சாப்பாடு என்றது. அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆறு மாதம் மூடி வைத்த மெஷினில் எவ்வளவு ஆயில் விட்டாலும் ஓட்டினால்தானே இளகும்.

பயிற்சியைப் பார்த்தால் சிரிப்பாய், அவ்வளவு சின்னது. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்துக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தடவை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது. மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் ஒரு முழம் தூக்குவது. ஒரு மாதம் கழித்து, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இந்தக் கடைசியில்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா எண்ணுகிறாள். என்னை ஏமாற்றுவதற்கென்றே ஏழுக்கு அப்புறம் மறுபடி ஆறு சொல்கிறாள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று வாரம் ஒரு பலனும் தெரியவில்லை. இரண்டு தடவை விட்டுவிட்டேன். ஆறாவது வாரத்தில் ஒரு நாள், பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கம்பியைப் பிடித்து இழுக்காமல் ஏறினோமே என்று நினைவு வந்தது.

இன்னொரு வெட்கக்கேடும் கேள். வலி வலது காலில் என்று கைத்தடியையும் வலது கையிலேயே பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் திரிந்தேன். இடது கையில் பிடிக்க வேண்டுமாம். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் வலிக்கிற கால். பீச் மணலில் நடப்பதை நிறுத்திவிட்டேன், கால் புதையப் புதைய முட்டி திருகுகிறது. இப்போது மஞ்சக்குப்பம் மைதானம்தான், காலையில் அரை மணி நேரம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, புளியே கூடாது என்று. டாக்டர் இதில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எடையைக் குறை என்றார், அவ்வளவுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் நாலு கிலோ குறையுமாம். 78 இருந்தேன், இப்போது 73. கணக்கு நீயே போட்டுக்கொள். நாலு டீ இரண்டாகி, சர்க்கரையும் போய்விட்டது. ராத்திரி சோறு கிடையாது. கேழ்வரகு அடை, இல்லாவிட்டால் சுண்டல். வாரத்தில் இரண்டு நாள் முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் மீன். வஞ்சிரத்துக்கு ஆசைப்படாமல் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்குகிறேன். அதில் இருக்கிற கொழுப்பு மூட்டு வீக்கத்துக்கு நல்லது, விலையும் மலிவு. வறுக்காமல் குழம்புதான்.

அம்மா தன் பங்குக்கு முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் செய்கிறாள். முதல் தடவை கையில் எண்ணெய் தடவாமல் பிரண்டை நாரை உரித்துவிட்டு, ராத்திரி முழுக்க அரிப்பு தாங்காமல் என்னைத் திட்டினாள். டாக்டரிடம் கேட்டால், கீரை நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் தேய்ந்த மூட்டு அதனால் வளராது என்று சிரித்தார். நீ அனுப்பிய குளுக்கோசமைன் மாத்திரைக்கும் அதே சிரிப்புதான். பெரிய ஆதாரம் இல்லையாம். இனி அனுப்பாதே. முட்டி உறை மட்டும் நன்றாக இருக்கிறது, வெளியே போகும்போது மாட்டிக்கொள்கிறேன்.

முந்தாநாள் மறுபடியும் அளந்தேன். இடது பதினெட்டேகால், வலது பதினேழே முக்கால். அரை அங்குலத்துக்கு வந்துவிட்டது. வலி சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழை நாளில் இருக்கிறது, தரையில் சம்மணம் போட முடியவில்லை. ராத்திரி தூங்க விடாத வலி வந்தால் ஆபரேஷனைப் பற்றி அப்போது யோசிக்கலாம் என்று டாக்டரும் சொல்கிறார். இப்போதைக்கு உன் பணம் உன்னிடமே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. ஐப்பசியில் ஒரு நாள், "காலையில் விரல் மடங்க மாட்டேங்குதுப்பா, இங்க குளிர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. உன் ஆயாவின் கையை நீ பார்த்திருக்கிறாய். சீப்பைப் பிடிக்க முடியாமல் உன்னிடம் கொடுத்துத் தலை வாரச் சொல்லும். அது என் முட்டி மாதிரித் தேய்மானம் கிடையாது, முடக்குவாதம். என் முட்டி காலையில் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். முடக்குவாதம் வந்த விரல் ஒரு மணி நேரம் ஆனாலும் இளகாது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி விரல் கணு வீங்கும். குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். ஆயா காலத்தில் கோணிப் போகும் வரைக்கும் தைலம் தேய்த்தோம். இன்றைக்கு ஆரம்பத்திலேயே பிடித்தால் விரல் கோணாமல் காப்பாற்ற மருந்து இருக்கிறது. குளிராகவே இருக்கலாம். இருந்தாலும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. பார்த்துவிட்டு எனக்கு உள்ளதைச் சொல். நான் சொல்லிவிட்டேன் அல்லவா, இப்போது உன் முறை.

தை மாதம் வரும்போது திருவந்திபுரம் போகலாம். தேவநாதசாமியைப் பார்த்துவிட்டு எதிரே ஹயக்ரீவர் மலைக்கும் ஏறலாம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது உதிர்ந்த துண்டுதான் அது, ஔஷதகிரி என்பார்களே. போன வருஷம் அந்த மருந்து மலைக்குக் கீழே செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் செருப்பை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

குட்டிக்குப் பட்டுப் பாவாடை வெட்ட வேண்டும். துணி எடுத்து வைத்துவிட்டேன், அரக்கில் பச்சைக் கரை. இடுப்பளவு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரம், சட்டைக்குத் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அங்குலத்தில் எழுதி அனுப்பு. டேப்பை இறுக்கிப் பிடிக்காதே, ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா