கொற்கை வரலாற்று நூலுக்கும் நிலப்படத்துக்கும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலை அடுத்து, கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளடங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். பொதிகையிலிருந்து தாமிரபரணி அடித்துவந்த வண்டல் முகத்துவாரத்தில் படிந்து படிந்து நிலமாகிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் பழையகாயலும், அதன்பின் புன்னைக்காயலும் துறைமுகங்களாயின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடும் காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கின. கொற்கையில் இன்றும் சில அடி தோண்டினாலே, களிமண்ணோடு சேர்ந்து கடற்சிப்பிகள் வெளிவருகின்றன.

கால்டுவெல் இங்கு நடத்திய ஆய்வு 1877இல் அச்சேறியது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. இவையெல்லாம் ஆய்விதழ்களிலும் துறை அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கின்றனவே தவிர, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கையிலெடுத்துப் படிக்கத்தக்க ஒரு தமிழ் நூலாக வரவில்லை. ஆறு முன்பு ஓடிய தடம், தூர்ந்துபோன வாய்க்கால்கள், மடைகள், வயற்புலங்கள் ஆகியவற்றின் பெயர்களோ பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன.

2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, ஆற்றங்கரை ஊர்களில் புகுந்த வெள்ளம் பல வீடுகளின் பழைய பத்திரங்களையும் புகைப்படங்களையும் அழித்துவிட்டது. எஞ்சியதையாவது காக்க வேண்டும் என்ற கவலையே எங்களை இப்பணியில் இறக்கியது. ஆற்றின் பழைய தடத்தை அறிவது, அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வழியே வரும் என்பதை உணரவும் உதவும் என்று உறுதியாக நம்புகிறோம்.

நில அளவை, பழைய வரைபடங்களின் படிகள், பெரியவர்களின் வாய்மொழிப் பதிவு, அச்சுக்கூலி ஆகியவற்றுக்கே நிதி செலவிடப்படும். நூலும் நிலப்படமும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் விலையின்றி வழங்கப்படும். வெளியூர்களில் வாழும் நம் ஊர் மக்களும் வரலாற்று ஆர்வலர்களும் இயன்ற தொகையைக் குழுவிடம் செலுத்தி, தவறாமல் ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். வரவு செலவு ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்படும். பழைய ஆவணங்கள் வைத்திருப்போர் தந்துதவினால், படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இவண்,
நூலாக்கக் குழுவினர்,
கொற்கை.