கல்லில் 'இதையண்டி' என்றுதான் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

உரோமப் படைகளின் வரலாற்றை எழுதிப் பெயரெடுத்த ஏட்ரியன் கோல்ட்ஸ்வேர்தி நாவல் எழுதப் போனதைப் பற்றிப் போன ஞாயிறு நீங்கள் போட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் கதை சொல்லப் போய்விட்டாரே என்று கட்டுரையாளருக்கு ஒரே மனவருத்தம். எனக்கு வருத்தமில்லை. அப்படி ஒருவர் எங்கள் வன்னிப் பக்கம் வரமாட்டாரா என்ற ஆசைதான் வந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. முப்பது வருடம் நில அளவையில் சங்கிலி பிடித்தவன். ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் காடுகளில் அதை இழுத்தே தலை நரைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கற்சிலைமடுவில் ஒரு வேலை. மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்துவிட்டுப் ஆங்கிலேயரோடு சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டார வன்னியனைப் பற்றி அவர்கள் நாட்டின கல்லடியில் சாய்ந்திருந்தோம். எழுத்துத் தெளிவில்லை. எங்கள் சேவையர் ஐயா அடுப்புக் கரியைப் பொடியாக்கி எழுத்தில் தேய்த்து, ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்: "இதையண்டி, கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இதையண்டியாம், இங்கே எங்கேயோ கிட்டடியிலாம்! எங்களுக்குச் சங்கிலியில் ஒரு லிங்க் பிசகினால் மேலிடத்திலிருந்து கடிதம் வரும். துரைமார் ஒரு அரசனை வென்ற இடத்தை 'இதையண்டி' என்று வெட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்."

அந்தக் கல் பிறகு உடைக்கப்பட்ட செய்தியையும் பத்திரிகையில்தான் பார்த்தேன். ஐயா சொன்ன சொல் மட்டும் என்னிடம் மிஞ்சி இருக்கிறது. கல்லில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோற்கடித்தார் என்றுதான் இருந்ததே தவிர, கொன்றார் என்று இல்லை. ஆனால் நான் பார்த்த நாடகங்களில் எல்லாம் அந்த இரவிலேயே, அந்த மண்ணிலேயே மன்னன் சாய்ந்துவிடுவான், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திரை விழும். அவர் எப்போது, எங்கே இறந்தார் என்பதில் எழுதுகிறவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. தோற்றபிறகும் காட்டுக்குள் உயிரோடு அலைந்த மனிதன் ஒருவன் இருந்திருந்தால், நாவலுக்கு அவனைவிட நல்ல ஆள் கிடைப்பானா?

படை வரலாறு தெரிந்தவர் ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டை பண்டார வன்னியன் கையில் விழுந்தது 1803 ஓகஸ்ட் 25, ஆவணி பிறந்த கையோடு. சோளகம் அடிக்கும் காலம். காட்டுக்குள் மண் காய்ந்து கிடக்கும், ஆறுகளை நடந்தே கடக்கலாம், முல்லைத்தீவுக் கடலோ அடங்கிப் போயிருக்கும். உள்ளே இருந்த டிறிபேர்க்கின் காவற்படை படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனது என்று ஆங்கிலேயரே எழுதிவைத்தார்கள். அது மார்கழிக் கடலாக இருந்திருந்தால் படகு என்ன பாடு பட்டிருக்கும் என்று எங்கள் கரைவலைக்காரரிடம் கேளுங்கள். அதே டிறிபேர்க் திரும்பி வந்தது ஐப்பசி நடுவில். அந்த நேரம் இங்கே மழை பிடித்துவிடும். காட்டுக்குள் ஒதுங்கி இருப்பவனின் வெடிமருந்து நனையுமா, நனையாதா? அரிசி எங்கே இருந்தது? காய்ச்சல் யாரை முதலில் படுக்கப் போட்டது? அந்த வருடம் கண்டியில் இருந்த ஆங்கிலப் படையைக் காய்ச்சல்தான் பாதி தின்றது. ஜூனில் மேஜர் டேவியின் ஆட்கள் அங்கே அழிந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் முல்லைத்தீவு. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் ஆள் சும்மா ரோசத்தில் வாளைத் தூக்கினவர் அல்ல, கண்டியோடு சேர்ந்து நேரம் பார்த்து இறங்கினவர் என்று விளங்கும்.

எங்கள் சரித்திரக் கதைகளில் இந்தக் கணக்கு ஒன்றும் இல்லை. குதிரை பறக்கும். சூரை முள்ளும் ஈச்சம்பற்றையும் அடைத்த காட்டில், ஒரு நாள் முழுக்கக் கத்தி வீசினாலும் சில சங்கிலி தூரம்தான் வெட்டி முடியும் இடங்களில், அந்தக் குதிரை எந்த வழியாக ஓடியது என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறகு பண்டார வன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று கதை சொல்லும் காக்கை வன்னியன் வருவான். அவன் வந்ததும் சபையில் ஒரே கூச்சல், சின்ன வயதில் நானும் கல்லெடுத்து எறியப் போனவன்தான். காட்டிக்கொடுத்தவன் ஒருவனைக் கையில் பிடித்துவிட்டால், தோற்றதற்கு வேறு கணக்குக் காட்டத் தேவையில்லை. மழையும் வேண்டாம், அரிசியும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கோல்ட்ஸ்வேர்திக்கு யோகம். அவர் கதை நடக்கும், வட இங்கிலாந்தில் உள்ள விண்டோலாண்டா என்ற உரோமக் கோட்டையின் ஈரமண்ணிலிருந்து 1973 தொடக்கம் மையால் எழுதிய மெல்லிய பலகைத் துண்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒன்று, ஒரு அதிகாரியின் மனைவி இன்னொருத்தியை 'சகோதரி' என்று கூப்பிட்டு, செப்ரெம்பரில் என் பிறந்தநாளுக்கு வந்துவிடு என்று எழுதினது. இன்னொன்றில் யாரோ யாருக்கோ காலுறையும் உள்ளுடுப்பும் அனுப்பின விபரம். ஏறக்குறைய 1,900 வருடத்துக்கு முந்தின காலுறை! இங்கே 200 வருடத்துக்கு முந்தின வன்னியன் வளவில் என்ன கறி காய்ச்சினார்கள் என்று சொல்ல ஒரு நறுக்கோலை என் கண்ணில் படவில்லை. நான் கேள்விப்பட்ட எழுத்தெல்லாம் அவரோடு சண்டை பிடித்தவர்கள் எழுதினது. அப்படியிருக்க ஆராய்ச்சிக்காரர் 'சான்று இல்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகத்தான் வேண்டும். அது அவருடைய நேர்மை. அந்த ஒரு வரிக்குள் அகப்பட்டுக் கிடக்கும் சனத்தை நாவல்காரர்தான் வெளியே எடுக்க வேண்டும்.

1803இல் டிறிபேர்க்கின் படை வருகிறது என்று கேள்விப்பட்ட ஊர்கள் என்ன செய்திருக்கும்? வேறென்ன, இடம்பெயர்ந்திருக்கும். மாட்டை அவிழ்த்து விட்டிருப்பார்கள், விதைநெல்லை எங்கே தாட்டு வைப்பது என்று சண்டை பிடித்திருப்பார்கள். 2008 கார்த்திகையில் நாங்கள் முள்ளியவளையை விட்டு வெளிக்கிட்டபோது, மனிசி முதலில் எடுத்தது காணி உறுதி, அடுத்தது திருவலை. திருவலை எதற்கு என்று நான் சத்தம் போட்டேன். பதில் சொல்லாமல் அதைப் பாய்க்குள் வைத்துச் சுற்றினாள். புதுமாத்தளன் வரைக்கும் அது எங்களோடு வந்தது. அங்கே துருவத் தேங்காய் இல்லை.

கட்டுரையாளரின் பயம் ஒன்றில் நியாயம் இருக்கிறது. கதையை வாசிக்கிறவன் அதையே சரித்திரம் என்று நம்பிவிடுவான். எங்கள் சனம் அதில் கெட்டிக்காரர், நாடகத்தில் கேட்ட வசனத்தைச் சோதனைத் தாளில் எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் எது சான்று, எது தன் கற்பனை என்று புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கம் ஒதுக்கிச் சொல்லிவிட்டால் போதுமே. 'இதையண்டி' என்று அந்தத் துரைமாரே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், எங்களுக்கு அதில் என்ன வெட்கம்?

வவுனியாக் கச்சேரிக்கு முன்னால் நிற்கும் பண்டார வன்னியன் சிலைக்கு ஓகஸ்டில் மாலை போடுகிறோம், நல்லது. உங்கள் பத்திரிகையும் அந்த வாரம் படம் போடுகிறது. இந்த முறை படத்தோடு நிற்காமல், படை வரலாறு படித்த யாரையாவது பிடித்து ஒரு தொடர்கதை எழுத வையுங்கள். எழுத ஒப்புக்கொள்கிறவரை இங்கே அனுப்புங்கள். கற்சிலைமடுவிலிருந்து முல்லைத்தீவுக்கு நடந்து காட்ட எனக்கு இப்போது முழங்கால் விடாது, மகனின் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆவணியில் ஒரு தரம் வரட்டும். ஐப்பசியிலும் கட்டாயம் ஒரு தரம் வரவேண்டும், குடையோடு.

இப்படிக்கு,
பழைய சங்கிலிக்காரன்,
முள்ளியவளை.