பொம்மை ரயிலுக்கு எந்தப் பலகை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வீட்டிலேயே மாதிரி ரயில் பாதை அமைத்துத் தருவது குறித்துச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரை, இஞ்சினையும் மின்னிணைப்பையும் நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் அவற்றைத் தாங்கும் மேடைக்கு எம்.டி.எஃப். பலகையோ பழைய சாப்பாட்டு மேசையோ போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ரயில் தடம் புரளாமல் ஓடுவது பெரும்பாலும் அந்த மேடையைப் பொறுத்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

உலகில் மிகப் பரவலாக விற்பனையாகும் எச்.ஓ. அளவு ரயில், உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; சக்கரத்தைத் தண்டவாளத்தோடு பிடித்து வைக்கும் உள்விளிம்பின் உயரமோ ஏறத்தாழ ஒரு மி.மீ.தான். ஆகவே இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் பலகை சிறிது உப்பினாலும் சக்கரம் ஏறிக் குதித்துவிடும். மரநாரை அரைத்துப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகையில், வாங்கும் அன்று மேடுபள்ளமே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அறுத்த விளிம்பு வழியாகவும் திருகு இறங்கிய துளை வழியாகவும் ஈரம் ஏறினால், அந்த இடம் புடைத்துக்கொள்ளும். பிறகு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் காக்கும் கடலோர வீடுகளுக்கு இதைப் பரிந்துரைப்பது சரியன்று.

ஈரத்தைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். (BWR) வகை பிளைவுட்டில் 12 மி.மீ. கனம் எடுத்து, அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் கட்டை கொடுத்துச் சட்டம் அடித்தால் போதுமானது. மரைன் பிளைவுட் இந்த வேலைக்கு வீண்செலவு. மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால் இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காமல் பலகை வளைந்துகொள்ளும் என்பதால், அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் ஒரு பூச்சு அவசியம். தச்சர்கள் இதைத் தாமாகச் செய்வதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பிளைவுட்டுக்கும் ஒரு குறை உண்டு. தண்டவாளத்தை நேரடியாக அதன்மேல் அடித்தால், ரயில் ஓடும்போது மேடை முழுவதும் தவில்போல் அதிரும். தண்டவாளத்தின் கீழ் 3 மி.மீ. கார்க் தகட்டை ஒட்டினால் சத்தம் வெகுவாக அடங்கும். சிலர் தெர்மகோலை விரிக்கிறார்கள்; அது குழந்தையின் முழங்கையைத் தாங்காது, உதிரும் மணிகள் இஞ்சினின் பல்சக்கரத்தில் சிக்கும், கரைப்பான் கலந்த பசை பட்டால் உருகியும் போகும். மலை, குன்று செய்ய மட்டும் அதை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பசையால் ஒட்டலாம்.

சாப்பாட்டு மேசையில் விரிக்கும் துணியின் நூல் அச்சில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி மேசையில் பாதை நழுவும். தகர மேசை அறவே கூடாது, ஏனெனில் இரண்டு தண்டவாளங்களும் உலோகத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 18 அங்குல ஆரமுள்ள வளைவுக்கு 3 அடி விட்டம் வேண்டும். 8-க்கு 4 அடி பிளைவுட்டை 6-க்கு 4 ஆக அறுத்தால், பாதைக்கு வெளியே இருபுறமும் ஐந்து அங்குலத்துக்கும் மேல் இடம் மிஞ்சும். 4 அடி அகலம் குழந்தையின் கைக்கு எட்டாது என்பதால் மேடையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், காலுக்குப் பூட்டுள்ள உருளைச் சக்கரம் வைத்து, விளையாடும்போது நடுவில் இழுத்துக்கொள்வது நல்லது. இடம் குறைவென்று 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவு ரயிலை வாங்குவோர் உண்டு. அதன் 9 மி.மீ. பாதையில் பெட்டிகளை ஏற்றி வைப்பது பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆறு வயதுக் குழந்தைக்கு அதைத் தருவதை நான் ஏற்கமாட்டேன். மேடையின் உயரம் குழந்தையின் இடுப்பளவு இருக்கட்டும். இஞ்சின் தரையில் விழாமலிருக்க, சுற்றிலும் ஓர் அங்குலம் மேலெழும் ரீப்பர் விளிம்பு வேண்டும்.

விடுமுறை நெருங்குவதால் பல பெற்றோர் இப்போதே பலகைக் கடைக்குப் போயிருப்பார்கள். தொடரின் அடுத்த பகுதியில் எம்.டி.எஃப். குறித்த அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சேலையூர்