அரை நாள் தாராளமாம்!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இத்தாலி பயணக் கட்டுரையை முதலில் படித்தது என் மனைவிதான். ஒன்றும் சொல்லாமல் இதழை என் பக்கம் தள்ளி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "புளோரன்ஸ் சின்ன ஊர்தான், அரை நாள் தாராளம்." அந்த வரி எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அந்த அரை நாளை நாங்கள் அனுபவித்தாகிவிட்டது சார். 2012-ல் ஒரு டூர் கம்பெனியில் பணம் கட்டிப் போனோம். ஆர்னோ ஆற்றங்கரையில் பஸ் இறக்கிவிட்டது, குடையைத் தூக்கிப் பிடித்தவர் பின்னால் எல்லோரும் ஓடினோம். அன்று திங்கட்கிழமை. உஃபிஸி ஓவியக்கூடமும் பூட்டு, மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் பூட்டு. இரண்டுக்கும் திங்கள் விடுமுறை என்பது பயணத்தை விற்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? குடைக்காரரைக் கேட்டதற்கு, "சதுக்கத்தில் ஒரு டேவிட் நிற்கிறாரே, அவரோடு போட்டோ எடுத்துக்குங்க" என்றார். 1910-ல் வைத்த நகல் அது. அசலை 1873-லேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போன வருடம் நீங்களும் அதே நகலின் படத்தைப் போட்டு "மைக்கேலாஞ்சலோவின் கைவண்ணம்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். பிழையைச் சொன்ன பகுதியை வெட்டிவிட்டு, தீபாவளி மலரைப் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

சரி, இந்தக் கட்டுரைக்கு வருகிறேன். "கதீட்ரல் குவிமாடத்தில் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு" அடுத்த இடத்துக்கு நடந்துவிடுகிறார் உங்கள் எழுத்தாளர். மொத்தம் 463 படி, லிஃப்ட் கிடையாது, முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அதை ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஓடாகக் கட்டினார், அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவில்தான் படி ஏறுகிறது. எதிரில் ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 2019-ல் மூன்று இரவு தங்குவதாக, டூர் கம்பெனி இல்லாமல் நாங்களாகவே போனபோது நான் மட்டும் ஏறினேன், மூட்டுவலி உள்ள மனைவி கீழே உட்கார்ந்திருந்தார். கட்டுரையில் மூட்டு பற்றி ஒரு சொல் இல்லை. "தாந்தே உறங்கும் சாந்தா குரோச்சே" என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தில் இருப்பது காலிக் கல்லறை! ஊரை விட்டு விரட்டப்பட்ட கவிஞர் தாந்தே ராவென்னா நகரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சான் மார்கோ மடத்தைப் பற்றி மூச்சே இல்லை. மாடிப்படி ஏறி நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் ஃப்ரா ஆஞ்செலிகோ வரைந்த தேவதூதன், சிறகில் பட்டுப்புடவை முந்தானை மாதிரி வரிவரியாக நிறம். அப்புறம் வரிசையாகத் துறவிகளின் அறைகள். ஒரு ஆள் படுக்க இடம், சின்ன ஜன்னல், பக்கத்தில் ஒரு சுவரோவியம், அவ்வளவுதான். இரண்டு அறையோடு போதும் என்று உள்ளே போனோம், ஒரு காலை முழுக்கப் போய்விட்டது. வெளியே வந்து உப்பே போடாத அந்த ஊர் ரொட்டிக்கு நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டோம். இதெல்லாம் அரை நாள் கணக்கில் எங்கே வரும்?

இதழின் விலையை ஏற்றியபோது பயணப் பக்கங்கள் கூடும் என்றீர்கள். கூடியவை டூர் கம்பெனி விளம்பரங்கள். கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே "7 நாளில் ஐரோப்பா" என்று முழுப் பக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பயணக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போதும்: எது எந்தக் கிழமை மூடியிருக்கும், எதற்கு முன்பதிவு வேண்டும், எத்தனை படி. நாலு வரிதான். இந்தக் கடிதத்தை வெட்ட நேர்ந்தால் அந்தத் திங்கட்கிழமையை மட்டுமாவது விட்டுவைக்கவும்.

தங்கள்
22 வருடச் சந்தாதாரர்,
திருச்சி