தொங்குவதெல்லாம் கரண்ட் ஒயர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் தெருவில் தொங்கும் ஒயர்களைப் பற்றிப் பெரிய படத்தோடு செய்தி போட்டு, மின்வாரியத்தை ஒரு பிடி பிடித்திருந்தீர்கள். அக்கறையோடு எழுதியது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படத்தில் இருந்தவற்றில் ஒன்றுகூட மின்வாரிய ஒயர் இல்லையே! கேபிள் டிவி, அப்புறம் இன்டர்நெட் லைன் இழுக்கிற வேலையில்தான் என் பிழைப்பு ஓடியது, அதனால் சொல்கிறேன். நீங்கள் படம் பிடித்தது ஃபைபரும் (இன்டர்நெட் வரும் கண்ணாடி இழைக் கேபிள்), கோஆக்ஸும் (கேபிள் டிவி ஒயர்), செத்துப்போன டெலிபோன் ஒயரும்.

எதுவாக இருந்தால் என்ன, ஆபத்து ஆபத்துதானே என்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது சார். சென்னையின் உட்பகுதியில் கரண்ட் பெரும்பாலும் தரைக்கு அடியில்தான் போகிறது, தெருமுனையில் நிற்கும் பில்லர் பாக்ஸ் அதற்குத்தான். எங்கள் மடிப்பாக்கம் மாதிரி இடங்களில்தான் தலைக்கு மேலே லைன். அது அலுமினியக் கம்பி, நடுவில் எஃகு இழை வைத்து முறுக்கியிருப்பார்கள், மேலே உறை எதுவும் கிடையாது, சுற்றியிருக்கும் காற்றுதான் அதற்கு இன்சுலேஷன். டிரான்ஸ்பார்மருக்கு வருவது 11,000 வோல்ட், அங்கிருந்து வீட்டுக்கு வருவது 230. பீங்கானில் இழுத்துக் கட்டி, பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆளைக் கொல்வது இந்த ஒழுங்கான கம்பிதான்.

கீழே அலங்கோலமாகத் தொங்குவதில் அவ்வளவு விஷமில்லை. டெலிபோன் ஜோடி ஒயரில் 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும் நேரத்தில் தொட்டால் மட்டும் சுருக்கென்று இருக்கும். கோஆக்ஸில் டிவி சிக்னலோடு, வழியில் சிக்னலை ஏற்றிவிடும் ஆம்ப்ளிஃபயருக்காக 60 வோல்ட் அளவில் கரண்ட் அனுப்புவதும் உண்டு. தெரு ஃபைபரில் அதுவும் இல்லை, தலைமுடி பருமனுக்கு ஒரு கண்ணாடி இழை, உள்ளே போவது வெறும் ஒளி. (ஃபைபர் என்றாலே கரண்ட் கிடையாது என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது, 2020-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போட்ட கடலடிக் கேபிளில் வழியில் ஒளியை ஏற்றிவிடும் கருவிகளுக்காக உள்ளேயே மின்சாரமும் போகிறது.)

கம்பத்தில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டுமென்றே விடுவது. தண்ணி லாரி மோதி ஃபைபர் அறுந்தால், செம்பு ஒயர் மாதிரி முறுக்கி டேப் ஒட்டிவிட முடியாது. இரண்டு முனையையும் கீழே இறக்கி, துடைத்து, நேராக வெட்டி, மெஷினில் வைத்து உருக்கி ஒட்டவேண்டும். கையில் சில மீட்டர் உபரி இல்லையென்றால் வேலை நடக்காது. உபரி விடுவது சரி, அதைத் தாழ்வாகத் தொங்க விடுவதுதான் தப்பு, பைக்கில் போகிறவன் கழுத்தில் மாட்டுகிறது.

உண்மையான ஆபத்து வேறு. வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிள் தன் எடையைத் தாங்க ஓரத்தில் ஒரு எஃகுக் கம்பி ஓடும். மழைக்காற்றில் அது அறுந்து போய் மேலே லைனில் உரசினால், கரண்டே இல்லாத கேபிள் கரண்டைத் தெருவுக்கு இறக்கிவிடும். இத்தனைக்கும் கரண்ட் லைனும் ஃபைபரும் ஒன்றாக இருக்க முடியாது என்றில்லை, பெரிய கரண்ட் டவர் லைன்களின் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே பல இடங்களில் ஃபைபர் இருக்கிறது. அது கணக்குப் போட்டுச் செய்தது. நம் தெருவில் கைக்கு எட்டிய கம்பத்தில் எல்லாரும் கட்டிவிட்டுப் போனது.

இப்படித் தொங்குவதில் நிறைய ஒயருக்கு வேலையே இல்லை. வாடிக்கையாளர் கம்பெனி மாறியதும் புதிய ஆள் புதிய ஒயர் இழுப்பார், பழையவர் திரும்பியே பார்க்கமாட்டார். செம்பாக இருந்தால் எவனாவது ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக் காயலான் கடையில் போட்டிருப்பான், கண்ணாடியை யார் வாங்குவார்கள்? யாருடையது என்று தெரியவில்லை என்ற சமாதானமும் செல்லாது. ஃபைபர் கேபிள் உறையில் தயாரித்த கம்பெனி, உள்ளே எத்தனை இழை, எத்தனையாவது மீட்டர் என்று வரிசையாக அச்சடித்திருக்கும், பெரிய கம்பெனி வாங்கியதாக இருந்தால் பலமுறை அவர்கள் பெயரே இருக்கும்.

ஆகவே, வெறும் அலுமினியக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள் என்று வாசகர்களுக்குப் போடுங்கள். கறுப்பு ஒயருக்கு அதை இழுத்த கம்பெனியைக் கேளுங்கள். உங்கள் நிருபர் அடுத்த முறை உறையில் இருக்கும் அந்த எழுத்தையும் படமெடுத்துப் போடட்டும். கிட்டே போவதற்கு முன்னால், அது மேலே ஏதாவது லைனில் உரசிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
மடிப்பாக்கம், சென்னை